பள்ளமா, மேடா? செவ்வாயின் குழிகளையும் மணலையும் மேலிருந்து படிப்பது

செவ்வாயைச் சுற்றும் விண்கலம் எடுத்த படம் ஒன்றைத் திறந்தவுடன் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். பழுப்புத் தரையில் வட்ட வட்டமாகக் கொப்புளம் மாதிரி ஏதோ எழும்பி நிற்கிறது, கீழே உள்ள குறிப்போ "எரிகல் பள்ளங்கள்" என்கிறது. மேடாகத் தெரிவதைப் பள்ளம் என்கிறார்களே என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சட்டென்று எல்லாம் உள்ளே குழிந்துவிடும். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் மறுபடியும் கொப்புளம். இது கண்ணின் கோளாறு இல்லை. வெளிச்சம் மேலேயிருந்துதான் விழும் என்று நம் மூளை பழகிப்போயிருக்கிறது. படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால், மூளை நிழலைத் தப்பாகக் கணக்குப் போட்டுக் குழியை மேடாக்கிக் காட்டிவிடுகிறது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சூரியன் எந்தப் பக்கம் என்பதுதான். நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர், சுருக்கமாக எம்ஆர்ஓ, 2006 மார்ச்சில் செவ்வாயை அடைந்தது. அது துருவத்துக்குத் துருவம் சுற்றுகிறது, அதுவும் பகல் பக்கத்தில் எந்த ஊருக்கு மேல் போனாலும் அங்கே ஏறக்குறைய பிற்பகல் 3 மணியாக இருக்கும்படி அமைத்த பாதையில். 3 மணிக்குச் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். வடக்கை மேலே வைத்து வெளியிடும் படங்களில் மேற்கு நமக்கு இடக்கைப் பக்கம் வரும், ஆக வெளிச்சம் பொதுவாக இடமிருந்து வருகிறது. குழி என்றால் அதன் இடப்பக்கச் சுவர் நிழலில் கிடக்கும், வலப்பக்கச் சுவர் வெயிலில் பளிச்சிடும். மேடு என்றால் நேர்மாறு. இதை ஒரு தடவை மனதில் பதித்துக்கொண்டு பாருங்கள், கொப்புளங்கள் எல்லாம் அமுங்கிவிடும். அப்படியும் அமுங்கவில்லையா, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

எம்ஆர்ஓவில் உள்ள ஹைரைஸ் என்ற கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் இன்று ரசிக்கும் செவ்வாய் மணல் படங்களில் மிகத் துல்லியமானவை பெரும்பாலும் அது எடுத்தவைதான். அதன் கண்ணாடியின் விட்டம் அரை மீட்டர். 250 முதல் 320 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது படத்தின் ஒரு பிக்சல் தரையில் 25, 30 சென்டிமீட்டருக்குச் சமம். ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண மூன்று நான்கு பிக்சலாவது வேண்டும், எனவே ஒரு சாப்பாட்டு மேசை அளவுள்ள பாறையை அது காட்டிவிடும். ஆனால் கலம் ஓரிடத்தில் நின்று படம் எடுப்பதில்லை. தரை அதன் கீழே நொடிக்கு 3 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஓட்டத்தையே பயன்படுத்தி, தரையை விளக்குமாற்றால் பெருக்குவது போல வரி வரியாகப் படம் பிடிக்கிறது. ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், அதில் வெளிச்சம் எங்கே போதும்? அதற்காக ஒரே தரைத்துண்டை உணரியின் 128 வரிசைகள் வரை அடுத்தடுத்துப் பார்த்து, கிடைத்த வெளிச்சத்தை எல்லாம் கூட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை. கலம் ஒரு துளி நடுங்கினாலும் படம் கலங்கிப் போகும், ஆனாலும் ஆண்டுக்கணக்காகப் படம் தெளிவாக வந்துகொண்டிருக்கிறது.

படப்பட்டையின் அகலம் சுமார் 6 கிலோமீட்டர். அதில் நடுவில் உள்ள 1.2 கிலோமீட்டருக்கு மட்டும்தான் நிறம் உண்டு. பல படங்களில் நடுவில் ஒரு வண்ணக் கோடும் இரு பக்கமும் கறுப்பு வெள்ளையுமாக இருப்பது இதனால்தான். எல்லாக் கேமராவும் இப்படி நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. இஸ்ரோவின் மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தபோது அதன் பாதை மிக நீண்ட நீள்வட்டம், தொலைவில் போகும்போது 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விடும். அங்கிருந்து முழு உருண்டையும் ஒரே படத்தில் வந்தது, புழுதி மேகம் எங்கே கிளம்புகிறது, எங்கே படர்கிறது என்று பார்க்க அதுதான் தோது.

சரி, அந்த நீல நிறம்? ஹைரைஸ் படங்களில் மணல்மேடுகள் கருநீலமாக, சிலசமயம் மயில் கழுத்து நிறத்தில் மின்னும். செவ்வாயில் நீல மணல் இருக்கிறது என்று பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் உண்மை அதைவிடச் சுவையானது. ஹைரைஸ் பார்ப்பது நீலப்பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய மூன்று பட்டைகள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், நீலப்பச்சையை நீலமாகவும் மாற்றி வைத்து, வேறுபாடு நன்றாகத் தெரியும்படி நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இதில் நீலமாகத் தெரிவது சுத்தமான எரிமலைப் பாறைத் துகள், அதாவது பசால்ட். நேரில் நின்று பார்த்தால் அது கருஞ்சாம்பல் நிறம். செவ்வாயின் சிவப்பு எல்லாம் துரு ஏறிய நுண்புழுதியின் சிவப்பு, அது எல்லாவற்றின் மேலும் மாவு தூவியது போலப் படிந்திருக்கிறது. ஆக, ஒரு மணல்மேடு நீலமாகத் தெரிகிறது என்றால் அதன் மேல் புழுதி தங்கவில்லை, தங்கவில்லை என்றால் அந்த மணல் அசைந்துகொண்டிருக்கலாம். நிறமே ஒரு துப்பு.

இனி குழிகளுக்கு வருவோம். 1965 ஜூலையில் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது எடுத்து அனுப்பிய இருபத்திச் சொச்சம் படங்கள்தான் நாம் பக்கத்தில் இருந்து பார்த்த முதல் செவ்வாய். செடிகொடி இருக்குமோ, கால்வாய் இருக்குமோ என்று காத்திருந்தவர்களுக்கு அதில் கிடைத்தது நிலாவைப் போலக் குண்டும் குழியுமான தரை. மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்கைத்தான் அந்தப் படங்கள் காட்டின என்றாலும், செத்துப்போன கிரகம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது அடுத்த ஆறே ஆண்டுகளில் தெரிந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

எரிகல் விழுந்து குழி விழுவது, சேற்றில் கல் எறிந்தால் குழி விழுவது போன்றதல்ல. விழும் வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கும். அந்த வேகத்தில் மோதும்போது கல் நொறுங்கி, உருகி, ஆவியாகிவிடுகிறது, அதிர்ச்சி அலை பாறைக்குள் எல்லாத் திசையிலும் பரவி மண்ணை அள்ளி வெளியே வீசுகிறது. நடப்பது குத்து அல்ல, வெடிப்பு. அதனால்தான் கல் சாய்வாக வந்து விழுந்தாலும் குழி வட்டமாகவே இருக்கிறது. தரையை உரசுவது போல மிகத் தாழ்ந்த கோணத்தில் வந்தால் மட்டும்தான் நீள்வட்டமாகிறது. குழி, விழுந்த கல்லைப் போல பத்து இருபது மடங்கு அகலமாக இருக்கும். சின்னக் குழி என்றால் கிண்ணம் போல இருக்கும். செவ்வாயில் 5 முதல் 8 கிலோமீட்டர் அகலத்தைத் தாண்டும்போது உருவம் மாறிவிடுகிறது: அடித்தரை மேலெழும்பி நடுவில் ஒரு குன்று நிற்கும், சுவர்கள் படிப்படியாகச் சரிந்து இறங்கியிருக்கும். பாறை அந்தச் சில நிமிடங்களுக்குத் திரவம் போல நடந்துகொண்டு, அப்படியே உறைந்ததன் அடையாளம் அந்த நடுக்குன்று.

செவ்வாய்க்கே உரிய ஒரு வகைக் குழி உண்டு, நிலாவில் அதைப் பார்க்க முடியாது. நிலாவில் குழியைச் சுற்றி மண் தூளாகச் சிதறிக் கதிர் கதிராகப் பரவியிருக்கும். செவ்வாயில் பல குழிகளைச் சுற்றி, ஈரக் களிமண்ணைத் தொப்பென்று போட்டால் எப்படி இதழ் இதழாக வழிந்து நிற்குமோ அப்படி நிற்கிறது, ஓரத்தில் வரப்பு கட்டியது போலத் தடித்து. வைக்கிங் கலங்கள் 1970களில் படம் எடுத்த யூட்டி என்ற குழி இதற்குப் பேர்போனது. மோதலின் வெப்பத்தில் தரைக்கு அடியில் இருந்த பனிக்கட்டி உருகி மண்ணோடு கலந்து ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். அதாவது இந்தக் குழிகள், யாரும் கடப்பாரை பிடிக்காமலேயே தோண்டப்பட்ட கிணறுகள். கீழே என்ன இருந்தது என்று வெளியே கொட்டிக் காட்டிவிட்டன.

குழிகளை எண்ணித்தான் செவ்வாய்த் தரையின் வயதைக் கணிக்கிறார்கள். வெட்டவெளியில் அதிக நாள் கிடந்த தரையில் குழி அதிகம், எரிமலைக் குழம்பு வந்து புதிதாக மெழுகிவிட்டுப் போன தரையில் குறைவு, அவ்வளவுதான் தத்துவம். எத்தனை குழிக்கு எத்தனை ஆண்டு என்ற கணக்குக்கு, நிலாவிலிருந்து கொண்டுவந்த கற்களின் வயதை அளவுகோலாக வைத்துச் செவ்வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸூனில் என்ற குழி, 10 கிலோமீட்டர் அகலம், எலிசியம் சமவெளிப் பக்கம் இருக்கிறது. அது உருவானபோது வீசியெறிந்த கற்கள் எங்கெங்கோ போய் விழுந்து, ஏறக்குறைய ஒரு கோடி சிறு குழிகளைப் போட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரே மோதல், ஒரு கோடி குழி! அவை ஒவ்வொன்றையும் வானத்திலிருந்து தனித்தனியாக வந்த கல் என்று எண்ணினால் தரையின் வயது எங்கோ போய் நிற்கும். அதனால் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சின்னக் குழிகளை மட்டும் எண்ணி யாராவது ஒரு வயதை அடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்றும் புதுக் குழிகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. முன்பு எடுத்த படத்தில் இல்லாத ஒரு கறுப்புத் தீற்றல் பின்னால் எடுத்த படத்தில் தெரியும். மோதல் காற்று அங்கே இருந்த வெளிர் புழுதியை ஊதித் தள்ளியிருக்கும். எம்ஆர்ஓவின் இன்னொரு கேமரா, அகலமாகப் பார்ப்பது, அந்தத் தீற்றலைக் காட்டிக்கொடுக்கும், அப்புறம் ஹைரைஸைத் திருப்பி நடுவில் உள்ள சில மீட்டர் குழியைப் பிடிப்பார்கள். இவற்றில் எனக்கு மறக்கவே முடியாதது 2021 டிசம்பர் 24 அன்று விழுந்தது. அன்று இன்சைட் என்ற தரையிறங்கிக் கலத்தின் நிலநடுக்கமானி 4 என்ற அளவுள்ள ஓர் அதிர்வைப் பதிவு செய்தது. என்ன ஏது என்று அப்போது தெரியவில்லை. 2022 பிப்ரவரியில் எம்ஆர்ஓ படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இன்சைட்டிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி, அமேசானிஸ் சமவெளியில், 150 மீட்டர் அகலத்தில் புத்தம் புதிய குழியைக் கண்டார்கள். தினமும் கிரகம் முழுவதையும் படமெடுக்கும் இன்னொரு கேமராவின் படங்களைப் புரட்டினால், அது விழுந்த நாள் அந்த அதிர்வு வந்த நாளேதான். விழுந்த கல் 5 முதல் 12 மீட்டர் இருக்கலாம், அது வாரி இறைத்ததில் சில 37 கிலோமீட்டர் தூரம் போய் விழுந்திருக்கின்றன. குழியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தவை பாறைகள் அல்ல, பெரிய பெரிய பனிக்கட்டிகள். செவ்வாயின் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் புதைந்த பனி அதுவரை கண்ணில் பட்டதில்லை. ஒரே சம்பவத்தை நிலத்திலிருந்து காதால் கேட்டு, வானத்திலிருந்து கண்ணால் பார்த்தது போலாயிற்று.

இப்போது மணல். 1971 நவம்பரில் மரைனர் 9 செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது, வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுதான், கிரகம் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. சில எரிமலைகளின் உச்சி மட்டும் புழுதிக்கு மேலே எட்டிப் பார்த்தது. புழுதி அடங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்துதான் படமெடுக்க முடிந்தது. அந்தப் படங்களில், தெற்கே பின்னாளில் பிராக்டர் என்று பெயரிடப்பட்ட ஒரு பெரிய குழிக்குள், கறுப்பாக ஒரு திட்டு, அதற்குள் ஒழுங்காக வரிசை கட்டிய மடிப்புகள். மணல்மேடுகள்! செத்த கிரகம் என்று எழுதி வைத்த இடத்தில் காற்று வேலை செய்துகொண்டிருந்தது.

மணல்மேட்டின் உருவத்திலேயே காற்றின் திசை எழுதியிருக்கும். மணல் குறைவாக இருந்து காற்றும் ஒரே பக்கமிருந்து அடித்தால் பிறை வடிவில் மேடு உருவாகும். இதைப் பார்க்கன் என்பார்கள், பிறைக் குன்று என்று சொன்னாலும் தப்பில்லை. காற்று வரும் முதுகுப்பக்கம் சாய்வு மெதுவாக ஏறும், மறுபக்கம் மணல் தாங்காமல் செங்குத்தாகச் சரிந்து நிற்கும், பிறையின் இரண்டு கொம்புகளும் காற்று போகும் திசையை நீட்டிக் காட்டும். நடுவைவிட ஓரத்தில் மணல் குறைவு, அதனால் ஓரம் வேகமாக முன்னே போய்விடுகிறது, கொம்பு முளைக்கிறது. மணல் நிறைய இருந்தால் பிறைகள் கைகோத்து நீண்ட அலைகளாகிவிடும், காற்று பல பக்கமிருந்து மாறி மாறி அடித்தால் நட்சத்திரம் போலக் கை விரித்து நிற்கும். காற்றுமானி இல்லாத இடத்தில் மணல்தான் காற்றுமானி.

இதில் நீண்ட காலம் ஒரு புதிர் இருந்தது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய காற்று ஒரு மணலைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் புயல் வேகம் வேண்டும், அப்படிப்பட்ட காற்று அங்கே அபூர்வம். அதனால் இந்த மேடுகள் எல்லாம் பழங்காலத்தில், காற்று அடர்த்தியாக இருந்தபோது உருவாகி, இப்போது சிலையாக நிற்கின்றன என்றுதான் பலர் நினைத்தார்கள். 1990களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் எடுத்த படங்களை ஒப்பிட்டும், மேடுகள் நகர்ந்ததற்கு எளிதில் சான்று கிடைக்கவில்லை. கேமரா கூர்மை போதவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஹைரைஸ் வந்தபிறகு கதை மாறியது. நிலி பட்டேரா என்ற பழைய எரிமலை வாயில் உள்ள மணல்மேடுகளை மூன்று மாதம் சொச்சம் இடைவெளியில் இருமுறை படமெடுத்து, மேடுகளின் மேல் ஓடும் சின்னச் சின்ன வரிகள் எவ்வளவு தள்ளிப்போயிருக்கின்றன என்று கணினியை வைத்து அளந்தார்கள். 2012இல் வந்த அந்த முடிவு, அங்கே நகரும் மணலின் அளவு அண்டார்டிகாவின் விக்டோரியா பள்ளத்தாக்கில் உள்ள மணல்மேடுகளில் நகரும் அளவுக்கு ஒப்பானது என்றது. சிலை என்று நினைத்தது நடந்துகொண்டிருந்தது.

மெல்லிய காற்றில் இது எப்படிச் சாத்தியம்? மணல் நகர்வது பெரும்பாலும் துள்ளல் நடை. காற்று ஒரு துகளைத் தூக்குகிறது, அது பாய்ந்து போய்க் கீழே விழும்போது அங்கே கிடக்கும் நான்கு துகளை இடித்துக் கிளப்பிவிடுகிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் சுமார் 38 சதவீதம், தடுத்து நிறுத்தக் காற்றும் இல்லை, ஆகவே துகள் உயரமாக எழும்பி, நெடுந்தூரம் பறந்து, வேகத்தோடு வந்து இடிக்கிறது. முதல் துகளைக் கிளப்புவதுதான் கடினம். கிளம்பிவிட்டால் அந்தத் துள்ளலைத் தொடரவைக்க, கிளப்புவதற்குத் தேவையான வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்றே போதும் என்று 2010இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பூமியில் இந்த இரண்டு வேகங்களுக்கும் இவ்வளவு இடைவெளி கிடையாது. செவ்வாயில் ஒரு பலத்த வீச்சு வந்து தொடங்கி வைத்துவிட்டுப் போனால், அப்புறம் சாதாரணக் காற்று பார்த்துக்கொள்ளும்.

மேலிருந்து பார்த்ததைக் கீழே போய்ச் சரிபார்க்கும் வாய்ப்பு 2015 கடைசியில் வந்தது. கேல் என்ற 154 கிலோமீட்டர் அகலக் குழிக்குள் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர், அதாவது தரையில் உருண்டு போகும் ஆய்வு வண்டி, அங்கே உள்ள பாக்னால்ட் மணல்மேடுகளில் நமீப் என்று பெயரிட்ட ஒன்றின் காலடிக்குப் போனது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை நகர்வதாக ஹைரைஸ் படங்களில் ஏற்கெனவே அளந்திருந்த மேடுகள் அவை. ரால்ஃப் பாக்னால்ட் ஆங்கிலேய ராணுவப் பொறியாளர், மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்பதைப் பாலைவனத்திலும் காற்றுக் குழாயிலும் ஆராய்ந்து 1941இல் புத்தகமாக எழுதியவர், அவர் பெயரை வைத்தது மிகப் பொருத்தம். ரோவர் அங்கே கண்டது இரண்டு அளவு வரிகள். ஒரு சாண் இடைவெளியும் இல்லாத சின்ன வரிகள், பூமியின் எந்த மணல்வெளியிலும் காண்பவை. அவற்றையும் தாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் வளைந்து நெளிந்து போகும் பெரிய வரிகள். இந்த இரண்டாவது வகை பூமியின் சாதாரண மணல்மேட்டில் கிடையாது, ஆற்றடியிலும் கடலடியிலும் தண்ணீர் போடும் வரிகளைத்தான் அது ஒத்திருக்கிறது. செவ்வாயின் மெல்லிய காற்று மணலை இழுத்துப்போகும் விதம் அப்படி என்பது ஒரு விளக்கம், அதன் மேல் விவாதம் நடக்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறு: மேலேயிருந்து ஹைரைஸ் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரிய வரிகளை மட்டும்தான், சின்னவை அதன் கூர்மைக்குள் அடங்காது. முன்னூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளந்தவர்கள் தாங்கள் எதை அளந்தோம் என்பதையே தரையில் நின்ற ரோவர் மூலம்தான் முழுதாகப் புரிந்துகொண்டார்கள்.

மணல்மேடுகள் ஏன் இத்தனை குழிகளுக்குள் இருக்கின்றன? பிராக்டர், கெய்சர், ரேப், ரஸ்ஸல் என்று தெற்கே வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்பாக ஒரு மணல் திட்டு. குழி ஒரு பொறி. சமவெளியில் மணலைத் தூக்கிக்கொண்டு வரும் காற்று விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும்போது தளர்கிறது, சுமையை இறக்கிவைக்கிறது. திரும்ப அதைத் தூக்கிக்கொண்டு மறுபக்கச் சுவரில் ஏற அதற்குத் தெம்பு இல்லை. போதாததற்குக் குழியின் சுவரே உதிர்ந்து உதிர்ந்து புது மணலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். திட்டு பெரும்பாலும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதைக் கவனியுங்கள், எந்தக் காற்று வலுவானது என்று அது சொல்கிறது. ரஸ்ஸல் குழிக்குள் இருக்கும் ஒற்றை மேடு சுமார் 500 மீட்டர் உயரம். இதெல்லாம் இருந்தும், செவ்வாயின் மணலில் பெரும்பங்கு குழிகளுக்குள் இல்லை, வட துருவப் பனித்தொப்பியைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாகக் கிடக்கிறது, அதில் பெரியது ஒலிம்பியா மணல்வெளி. அங்கே ஜிப்சம் கலந்த மணல் இருப்பதை 2005இல் ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கண்டுபிடித்தது. ஜிப்சம் உண்டாகத் தண்ணீர் வேண்டும், ஆக அந்த மணலுக்குள் ஒரு பழைய ஈரக் கதை புதைந்திருக்கிறது.

குளிர்காலத்தில் அந்தத் துருவ மேடுகளின் மேல் கார்பன் டை ஆக்சைடே உறைந்து வெள்ளையாகப் படியும், உலர்பனி. வளிமண்டலத்தில் ஏறத்தாழ கால் பங்கு இப்படி ஆண்டுதோறும் உறைந்து இறங்கி மறுபடி ஆவியாகிப் போகிறது. வசந்தத்தில் வெயில் அந்தப் பனியை ஊடுருவி அடியில் உள்ள கறுப்பு மணலைச் சூடாக்க, பனி அடியிலிருந்து ஆவியாகி, வாயு அழுத்தம் ஏறி, வெடிப்பு கண்ட இடத்தில் மணலை வாரிக்கொண்டு பீறிடுகிறது. அப்போது எடுத்த ஒரு படத்தில் இளஞ்சிவப்பு மேடுகளின் உச்சியில் கறுப்பு மரங்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிந்தது, உலகம் முழுக்கச் சுற்றியது. அவை நிற்கவில்லை, சரிவில் கீழ்நோக்கி ஓடிய மணல் தீற்றல்கள். தரையோடு கிடப்பதை நிமிர்த்தி நிற்கவைத்தது மறுபடி நம் மூளைதான். தெற்கே ரஸ்ஸல் மேட்டில் இன்னொரு விந்தை, சரிவில் நேர்கோடாக இறங்கும் ஓடைகள், முடிவில் மண் குவியல் இல்லாமல் ஒரு சின்னக் குழியோடு நின்றுவிடுகின்றன. தண்ணீர் ஓடியிருந்தால் அடித்துவந்த மண் கடைசியில் விரிந்து கிடக்க வேண்டும். உலர்பனிக் கட்டிகள் மேலிருந்து வழுக்கி வந்து, தாம் விடும் வாயுவின் மெத்தை மேலேயே சறுக்கி, நின்ற இடத்தில் கரைந்து போயிருக்கலாம் என்ற எண்ணத்தில், அமெரிக்காவின் யூட்டா மணல்மேட்டில் உலர்பனிக் கட்டிகளைத் தள்ளிவிட்டுச் சோதித்தார்கள். வாய்க்கால் போட்டுக்கொண்டே இறங்கின.

இனி, ஒரு படத்தில் குழியும் மணலும் சேர்ந்து இருக்கும்போது பார்க்க வேண்டியது: எது எதன் மேல் கிடக்கிறது? என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. குழி ஒரு நொடியில் நடந்தது, மணல் காலமெல்லாம் நடப்பது. குழியின் மேல் மணல் ஏறிக் கிடந்தால், குழி முந்தியது. மணல் வரியைக் குழி வெட்டியிருந்தால், அந்த மணல் அதற்கு முன்னமே நகர்வதை நிறுத்திவிட்டது. மெரிடியானி சமவெளியில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் கடந்துபோன மணல் வரிகளை இப்படித்தான் கணக்கெடுத்தார்கள். புதிய சின்னக் குழிகளில் சில வரிகளின் மேல் விழுந்திருந்தன, சிலவற்றை வரிகள் மூடியிருந்தன, இரண்டையும் வைத்து அந்த வரிகள் கடைசியாக நகர்ந்து ஏறக்குறைய 1 லட்சம் ஆண்டு ஆகியிருக்கும் என்ற மதிப்புக்கு வந்தார்கள். கேலில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது, மெரிடியானியில் 1 லட்சம் ஆண்டாக அசையவில்லை. செவ்வாய் மணல் நகருமா என்று மொத்தமாகக் கேட்பது தவறு, எந்த மணல் என்று கேட்க வேண்டும்.

மணலே இல்லாத மணல்மேடுகளும் உண்டு. 2,300 கிலோமீட்டர் அகலமுள்ள ஹெலஸ் என்ற மாபெரும் மோதல் பள்ளத்தின் தரையில் பிறை பிறையாகக் குழிகள். முன்னொரு காலத்தில் அங்கே பிறைக் குன்றுகள் இருந்தன, எரிமலைக் குழம்போ தண்ணீர் கொண்டுவந்த வண்டலோ அவற்றைச் சுற்றிச் சூழ்ந்து இறுகியது, தலை மட்டும் வெளியே நின்றது. அப்புறம் காற்று அந்த மணலைத் துகள் துகளாகக் கொண்டுபோய்விட்டது, அச்சு மட்டும் மிஞ்சியது. கொம்புகள் இன்னும் தெளிவாகத் திசை காட்டுகின்றன, எந்தக் காலத்திலோ வீசிய காற்றின் திசையை.

இவ்வளவையும் ஒரே படத்தில் பார்க்க விரும்பினால் மெரிடியானியில் உள்ள விக்டோரியா குழியின் படத்தைத் தேடுங்கள், 2006 அக்டோபர் 3 அன்று ஹைரைஸ் எடுத்தது. அகலம் முக்கால் கிலோமீட்டர் அளவு. இடப்பக்கச் சுவர் நிழலில், வலப்பக்கம் வெயிலில், எனவே குழிதான், சந்தேகமில்லை. விளிம்பு வட்டமாக இல்லாமல் கடித்த அப்பளம் போலப் பல் பல்லாக இருக்கிறது, சுவர் சரிந்து சரிந்து குழி தன் பழைய அகலத்தைவிடப் பெரிதாகிவிட்டது. நடுவில் நெளிநெளியாக மணல்மேடுகள், குழிக்குப் பின்னால் வந்தவை. வடக்கு விளிம்புக்கு வெளியே கறுப்புக் கோடுகள் நீள்கின்றன. பொறியில் விழுந்த மணலில் கொஞ்சத்தைக் காற்று அங்கே வெளியே தூக்கிப் போட்டிருக்கிறது, ரோவர் அந்தக் கோடுகளின் மேலேயே ஏறிப்போய்ப் பசால்ட் மணல் என்று பின்னர் உறுதி செய்தது. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, மேற்குப் பக்க விளிம்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி, பின்னால் மெல்லிய இரட்டைக் கோடாகச் சக்கரத் தடம், பக்கத்தில் ஒரு கீற்று நிழல். அந்தப் புள்ளி ஆப்பர்ச்சூனிட்டி. இருபத்தோரு மாதம் உருண்டு வந்து, ஒரு வாரத்துக்கு முன்புதான் குழியின் ஓரத்தை அடைந்திருந்தது. அந்தக் கீற்று, பிற்பகல் வெயிலில் அதன் கேமராக் கம்பம் வலப்பக்கமாகத் தரையில் போட்ட நிழல்.